சுதர்சினி வளர்த்த பூஞ்சணம்

ஜவாஹிர் முதலாளி வேனை ரோட்டோரம் நிறுத்திவிட்டு இறங்கி வந்தபோது அவர் கையில் செத்துப்போன மிளகுக் கொடி ஒன்று இருந்தது. அதை ஒரு பழைய பேப்பரில் சுற்றி, வேரில் ஒட்டிய மண் உதிராமல் பக்குவமாகக் கொண்டுவந்திருந்தார். பந்தலுக்குக் கீழே கன்றுப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த சுதர்சினி அதைக் கண்டதும் எழுந்து நின்றாள். கொடி அவளுடையதுதான். போன மாரி மழைக்கு அவள் நர்சரியிலிருந்து வாங்கிக்கொண்டு போனது.

ஜவாஹிருக்கு மாத்தளை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடை. நாவுலைக்கு மேலே ஒரு சரிவில் சொந்தமாகக் காணியும் இருந்தது. அந்தக் காணியில் கிளிரிசீடியா மரங்களை நட்டு, அவற்றில் மிளகைப் படரவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கொடி மழையோடு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுத்து வந்த கோடையில்தான் கருகியது.

"ஒண்ணு ரெண்டில்ல தங்கச்சி, மேட்டுப் பக்கம் வச்சதுல முக்காவாசி போச்சி," என்றார். "ஒங்கட கொடியக் குறை செல்ல நான் வரல்ல. பக்கத்துக் காணியிலயும் இதே கதைதான். ஆனா நான் திரும்ப நடத்தான் போறன். அதே கொடிய நட்டா அதே மாதிரித்தானே சாகும்?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. புருஷன் முத்துவீரன் ஆறுதல் சொன்னான். மழை பெய்யவில்லை என்றால் அதற்கு நீ என்ன செய்வாய் என்று கேட்டான். நியாயமான பேச்சுத்தான். ஆனால் சுதர்சினிக்கு அது போதவில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது எல்கடுவையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தோட்டத்து நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தாள். தேயிலைத் தண்டை எந்தக் கணுவுக்குக் கீழே வெட்டுவது, பையில் எவ்வளவு ஆழம் ஊன்றுவது, நிழலை எப்போது விலக்குவது எல்லாம் அங்கே கற்றதுதான். மேசன் வேலை பார்த்த முத்துவீரனைக் கட்டிக்கொண்டு நாவுலைக்கு வந்த பிறகு, ரோட்டோரத்தில் ஒரு துண்டுக் காணியை எடுத்து, நிழல்வலை கட்டி, மிளகுக் கன்று போட ஆரம்பித்தாள். சிங்களத்தில் பேசி விற்கவும் தெரியும், கோபப்படுகிற ஆளைச் சிரிக்க வைக்கவும் தெரியும். சில வருஷத்துக்குள் 'சுதர்சினியின் கன்று' என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. வாங்கிய கன்றைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் அதுவரை யாருமில்லை.

அடுத்த முறை விவசாயப் போதனாசிரியர் ஹம்சிகா வந்தபோது சுதர்சினி அந்தச் செத்த கொடியை எடுத்து நீட்டினாள். ஹம்சிகா மாத்தளைப் பெண். ஸ்கூட்டியில் ஊர் ஊராகத் திரிந்து, செருப்பில் சேறு ஒட்டாத நாளே இல்லாதவள். வேரைக் கழுவி விரித்துப் பார்த்தாள். பிறகு, பையில் போடுகிற மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.

சுதர்சினிக்குச் சொல்வதில் ஒரு பெருமை இருந்தது. மண்ணைச் சலித்து, ஈரமாக்கி, பொலித்தீனால் மூடி, வெயிலில் வாரக்கணக்கில் வேகவைப்பாள். அதற்கு மேல் பூஞ்சண மருந்தும் ஊற்றுவாள். புழுவோ கிருமியோ எட்டிப் பார்க்காது.

ஹம்சிகா தலையாட்டினாள். "அதுதான் அக்கா விஷயம். அவ்வளவு சுத்தமான மண்ணு. அதுல கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல."

பிறகு அவள் விளக்கிச் சொன்னாள். எல்லாப் பூஞ்சணமும் செடியைத் தின்பதில்லை. ஒரு வகை வேருக்குள் குடியேறி, அங்கிருந்து மயிரை விட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் நீட்டும். வேர் நுழைய முடியாத சின்ன இடுக்குகளுக்குள் அது நுழைந்துவிடும். அங்கே ஒட்டிக்கிடக்கும் ஈரத்தையும் பொஸ்பேட்டையும் இழுத்துக் கொண்டுவந்து செடிக்குக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சீனி கொடுக்கும். காட்டில் அது தானாக இருக்கிறது. வேகவைத்த மண்ணில் இருக்காது. அந்த மண்ணில் வளர்ந்த கன்றை வெட்டவெளியில் நட்டால், அந்தத் துணை கிடைக்கும் முன்னமே கோடை வந்துவிடுகிறது.

சுதர்சினி அந்த வேரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேயிலை நர்சரியில் வேலை பார்த்த காலமெல்லாம் பூஞ்சணம் என்றால் எதிரி. கொப்புள நோய் விழுந்த தளிரைக் கண்டால் கங்காணி போடும் சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. அப்படிப்பட்ட சாமானைக் காசு கொடுத்து யாராவது வளர்ப்பார்களா என்று கேட்டாள். காசு வேண்டாம், ஒரு பிடி மண் போதும் என்றாள் ஹம்சிகா.

சொன்னபடியே மாத்தளை ஆய்வுக்கூடத்திலிருந்து சின்னப் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்தால் வெறும் மணல். அதைப் பெருக்குகிற விதம்தான் விசித்திரமாக இருந்தது. ஆழமில்லாத குழி வெட்டிப் பொலித்தீன் விரித்து, மணலும் மண்ணும் நிரப்பி, அந்தப் பையில் இருந்ததைத் தூவி, மேலே சோளம் விதைக்க வேண்டும். சோளத்தின் வேரில் பூஞ்சணம் பெருகும். பொஸ்பேட் உரம் அளவுக்கு மேல் போடக் கூடாது. வீட்டு வாசலில் சோறு கிடைத்தால் யார் கூட்டாளியைத் தேடுவார்கள் என்று ஹம்சிகா கேட்டாள். செடியும் அப்படித்தானாம்.

சோளம் ஆளுயரம் வளர்ந்து பூத்தது. அப்போது தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். பச்சைப் பசேலென்று நின்ற சோளம் சுருண்டு வாடுவதைச் சுதர்சினி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ரோட்டில் போனவர்கள், என்ன அக்கா, மோட்டர் பழுதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். முத்துவீரன் சிரித்தான். பூஞ்சணம் பிடிக்க வைக்க இவ்வளவு பாடா, வீட்டுப் பாண் ரொட்டியை நாலு நாள் வெளியில் வைத்தால் தானாகப் பிடிக்குமே என்றான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் அவனிடம் அந்த விஷயத்தைப் பேசுவதை விட்டுவிட்டாள்.

வாட வாடத்தான் பூஞ்சணம் விதை போலத் தன்னை மூட்டை கட்டிக்கொள்ளுமாம். தண்டை அறுத்து எறிந்து, வேரைப் பிடுங்கிக் கத்தியால் கொத்தி, அந்த மண்ணோடு கலந்தாள். மிளகுத் தண்டு ஊன்றும்போது ஒவ்வொரு பைக்குள்ளும் அதில் ஒரு கைப்பிடி. ஜவாஹிருக்கு வேண்டிய கன்று முழுவதையும் அப்படித்தான் போட்டாள்.

கன்றுகள் மூன்று நான்கு இலை விட்டிருந்த சமயம், எல்கடுவையில் அக்கா மகள் பெரியவளாகிவிட்டாள் என்று செய்தி வந்தது. சுதர்சினி முத்துவீரனிடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சடங்குக்குப் போனாள். அவள் போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பந்தலின் ஒரு மூலையில் சில கன்றுகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. முத்துவீரனுக்குப் பயமாகிவிட்டது. அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பதைப் பார்த்தவன் அவன். குடையைப் பிடித்துக்கொண்டு நாவுலைக் கடைக்குப் போய், வேர் அழுகலுக்கு நல்ல மருந்தாகக் கேட்டு வாங்கி வந்து, மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பையாக ஊற்றினான். பந்தலில் பாதி முடிந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது.

சுதர்சினி திரும்பி வந்து பந்தலுக்குள் கால் வைத்ததும் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். வெறும் போத்தல் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"பூஞ்சணத்தைக் கொல்ற மருந்தையே ஊத்தியிருக்கீங்களே," என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குத் தேவலாம் போல் இருந்திருக்கும்.

"செடி சாகுதுன்னுதான் ஊத்துனேன். பூஞ்சணத்துல நல்லது ஒண்ணு இருக்கு, அதுக்கு இந்த மருந்து ஆகாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

அவன் சிரித்தது தப்பு. அதற்காக அவள் வாயை மூடிக்கொண்டதும் நல்லதுக்கில்லை. அன்று சமைக்காமல் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்தார்கள். அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவனுக்குச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

விஷயத்தைக் கேட்ட ஹம்சிகா, நினைத்துக்கொண்டு இருப்பதை விடப் பார்த்துவிடுவோம் என்று சொல்லி, இரண்டு பக்கத்துக் கன்றுகளிலும் வேர் நறுக்கி எடுத்துக்கொண்டு சுதர்சினியையும் மாத்தளைக்குக் கூட்டிப்போனாள். ஆய்வுக்கூடத்தில் வேரைக் கழுவி, மருந்துத் தண்ணீரில் அவித்து வெளுக்க வைத்து, நீலச் சாயத்தில் ஊறவைத்தார்கள். சுதர்சினி நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். முதலில் அவளுடைய இமை முடிதான் பெரிதாகத் தெரிந்தது. ஹம்சிகா பின்னாலிருந்து எதையோ திருகினாள். திடீரென்று தெளிந்தது.

வேரின் சின்னச் சின்ன அறைகளுக்கு நடுவே நீல நூல்கள் ஓடின. அங்கங்கே கிளை பிரிந்தன. சில அறைகளுக்குள் குட்டி மரம் போல விரிந்து நின்றன, சில இடங்களில் மணி மணியாகத் திரண்டிருந்தன. நாள் முழுக்கத் தொட்டுப் பழகிய வேருக்குள் இப்படி ஒரு குடித்தனம் நடக்கிறது என்பதை அவளால் நம்பாமல் இருக்க முடியவில்லை. மருந்து பட்ட வேரைப் பார்த்தாள். கண்ணாடி போலத் துப்புரவாக இருந்தது. ஓரிடத்தில் அறுந்த இழை ஒன்று மட்டும் கிடந்தது.

"ஆளில்லாத வீடு மாதிரி இருக்கே மிஸ்," என்றாள்.

இனிச் செய்யக்கூடியது அதிகம் இல்லை. மாரி மழை தொடங்கப் போகிறது. புதிதாகச் சோளம் போட்டு, கன்று போட்டு எடுப்பதற்குள் நடுகைக் காலம் முடிந்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே பச்சை. மருந்து ஊற்றிய பக்கம் ஒரு பிடி கூடுதலாகவே செழித்திருந்தது. சொல்லாமல் ஏற்றி அனுப்பினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைச் சுதர்சினி நினைத்துப் பார்க்காமல் இல்லை. நினைத்த கையோடு மறுநாள் மாத்தளை பஸ்ஸில் ஏறினாள். முத்துவீரனும் வேலைக்குப் போகாமல் கூடவே வந்தான்.

ஜவாஹிரின் கடையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே நின்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பூஞ்சணம் என்றதும் முதலாளியின் புருவம் சுருங்கியது. மூட்டையில் பூஞ்சணம் கண்டால் சரக்கையே திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். பாதிக் கன்றில்தான் அது இருக்கிறது, மற்றப் பாதியில் மருந்து பட்டுச் செத்துவிட்டது என்று அவள் சொன்னபோது, முத்துவீரன் ஓரடி முன்னால் வந்தான்.

"ஊத்துனது நான்தாங்க மொதலாளி," என்றான்.

பூஞ்சணம் உள்ளதை மேட்டுக்கும், இல்லாததைத் தண்ணீர் எட்டுகிற பள்ளத்துக்கும் நடலாம் என்று சுதர்சினி யோசனை சொன்னாள். ஜவாஹிர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். பிறகு மறுத்துவிட்டார்.

"அப்பிடி நட்டா எனக்கு என்ன வெளங்கும்? மேட்டுல ஒரு வரிசை அது, ஒரு வரிசை இது. மாத்தி மாத்தி நடுங்க. என்ட காணிதானே. நான் என்ட கண்ணால பாக்கணும்."

செத்தால் உங்களுக்குத்தானே நஷ்டம் என்று அவள் தயங்கினாள். போன தடவை முக்கால்வாசி செத்தது, அதிலிருந்து தனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுமில்லை, இந்தத் தடவை எது செத்தாலும் ஏன் என்றாவது தெரியும் என்றார் அவர். வியாபாரியின் கணக்கு அது. சுதர்சினிக்கு அந்தக் கணக்குப் பிடித்துப்போயிற்று.

மழையோடு நட்டார்கள். பூஞ்சணம் உள்ள வரிசைகளில் தாங்கு மரத்துக்கு நீல நைலோன் கயிற்றைக் கட்டி அடையாளம் வைத்தார்கள். தை பிறக்கும்போது எல்லாக் கொடியும் ஒன்று போலத் தளிர் விட்டு மரத்தைப் பிடித்திருந்தது. வித்தியாசம் எதுவும் இல்லை. காணியைப் பார்க்க வந்த ஜவாஹிர், அந்தக் கயிறு இல்லாவிட்டால் எது எதென்று ஒங்களுக்கே தெரியாது தங்கச்சி என்று சொல்லிச் சிரித்தார். சுதர்சினியும் சிரித்தாள். அவளுக்கு அவசரம் இல்லை. நுணுக்குக்காட்டியில் கண்டது கண்ணுக்குள் இருந்தது.

சித்திரை மழை பேருக்குப் பெய்துவிட்டுப் போனது. வைகாசி தாண்டியதும் ஈரமில்லாத கச்சான் காற்று இறங்கியது. சரிவுக்குக் கீழே ஓடிய ஓடை முதலில் மெலிந்தது, பிறகு குட்டை குட்டையாக நின்றது, பிறகு வெறும் கல்லாகிவிட்டது. நாவுலைப் பக்கத்தில் குடிதண்ணீருக்கே பவுசர் வண்டி வர ஆரம்பித்தது. மிளகுக்கு ஊற்ற யாரிடமும் தண்ணீர் இல்லை. முத்துவீரன் ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்குப் போய், கிளிரிசீடியா இலையை வெட்டி, தேங்காய் மட்டையோடு சேர்த்து எல்லாக் கொடியின் அடியிலும் மூடாக்குப் போட்டான். எந்த வரிசைக்கும் ஓரவஞ்சனை செய்யாமல் ஒரே அளவாகப் போட்டான். அவனை யாரும் கேட்கவில்லை. அவனாகத்தான் போனான்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு, பகல் சாப்பாட்டு நேரத்திலேயே திரும்பி வந்தான்.

"வா, வந்து பாரு," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் போனபோது உச்சி வெயில். எல்லா வரிசையும் வாடித்தான் நின்றது. முத்துவீரன் ஒரு மரத்து அடியைக் காட்டி, உட்காரு, பொறு என்றான். வெயில் சாய்ந்து மலை நிழல் சரிவில் விழும் வரைக்கும் இருந்தார்கள். நிழல் விழ விழ, நீலக் கயிறு கட்டிய வரிசைகளில் தொங்கிய இலைகள் மெல்ல நிமிர்ந்தன. கயிறில்லாத வரிசைகள் நிமிரவில்லை. காலையிலும் அவை இப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தன என்று முத்துவீரன் சொன்னான்.

அடுத்த வாரங்களில் அந்த வித்தியாசத்தைக் காட்டக் கயிறே தேவைப்படவில்லை. ஒரு வரிசை இலை உதிர்ந்து கணுக் கணுவாகக் கருகியது. பக்கத்து வரிசை மங்கிய பச்சையோடு நின்றது. எல்லாம் அப்படியே ஒழுங்காக நடந்துவிடவும் இல்லை. கற்பாறைக்கு மேல் மண் கனமில்லாத மூலையில் பூஞ்சணம் இருந்ததும் இல்லாததும் ஒன்றாகச் செத்தன. பழைய பலாமரத்து நிழலில் நட்ட கொடிகளில் மருந்து பட்டவையும் சில தப்பிப் பிழைத்தன. ஹம்சிகா அதற்கும் காரணம் சொன்னாள். அந்த மரத்தடி மண்ணில் பூஞ்சணம் ஏற்கனவே இருந்திருக்கும், அது கொடியைத் தேடி வந்திருக்கும் என்றாள். இது மந்திரமில்லை, தண்ணீரே இல்லாத இடத்தில் எதையும் உண்டாக்காது, இருக்கிற கொஞ்சத்தைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான் என்றும் சொன்னாள்.

ஜவாஹிர் கடைசியாகத்தான் வந்தார். காற்றில் தொப்பி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வரிசை வரிசையாக மேட்டின் உச்சி வரைக்கும் நடந்து திரும்பினார். இரண்டு வகையிலும் ஒவ்வொரு கொடியைத் தோண்டிக் காட்டச் சொன்னார். செத்த கொடியின் வேர் சுள்ளி போலத் தனியாகக் கழன்று வந்தது. மற்றதைச் சுதர்சினி தூக்கியபோது மண் அதை விடவில்லை. உலுக்கினாலும் கட்டி கட்டியாக வேரோடு தொங்கியது. ஜவாஹிர் அந்த மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார். லேசாக ஈரம் ஒட்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மெதுவாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வியாபாரி திரும்பி வந்துவிட்டார். "தங்கச்சி, இந்தச் சோள மண்ணப் பெக்கட்ல போட்டு என்ட கடையில விப்பம். என்ட கடையில மட்டும். வேற யாருக்கும் குடுக்க வேணாம். நல்ல யாவாரம் ஈக்குது."

சுதர்சினி தோண்டிய கொடியைத் திரும்பக் குழிக்குள் வைத்து மண்ணை அணைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கடையில வைங்க மொதலாளி, நான் தர்றேன். ஆனா ஒங்க கடையில மட்டும்னா முடியாதுங்க. இது உசுருள்ள சாமான். பெக்கட்ல ரொம்ப நாள் சூட்டுல கெடந்தா செத்துப்போயிடும். வேணுங்கிறவங்க நர்சரிக்கு வந்து எடுத்துட்டுப் போகட்டும். இல்லாட்டி எப்படி வளக்கிறதுன்னு கேட்டுட்டுப் போயி அவங்களே வளக்கட்டும்."

அவர் மறுபடி ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். அவள் அதையே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவருக்குக் கோபம் வரவில்லை. செத்த வரிசைகளுக்கெல்லாம் அடுத்த மாரிக்குக் கன்று வேண்டும், முதலில் தனக்குத்தான் என்று மட்டும் உறுதி வாங்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்.

இப்போது நர்சரிக்குப் பின்னால் பொலித்தீன் குழி இல்லை. முத்துவீரன் செங்கல்லை வைத்துக் கட்டிப் பூசிக் கொடுத்த தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வருஷம் முழுக்க ஒன்றில் சோளம் முளைக்கிறது, ஒன்றில் பூக்கிறது, ஒன்றில் வாடுகிறது. ரோட்டில் போகிறவர்கள் மோட்டரைப் பற்றி விசாரிப்பதில்லை. இறங்கி வந்து மண்ணைக் கேட்கிறார்கள். கொடுக்கும்போதெல்லாம் அவள், மருந்து ஊற்றாதீர்கள், உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்கிறாள். மறந்துவிட்டு ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திரும்பவும் கொடுக்கிறாள்.

போன மாதம் சோமாவதி என்ற வெங்காயக்காரி வந்து, மிளகைக் காப்பாற்றியது வெங்காயத்தையும் காப்பாற்றுமா என்று சிங்களத்தில் கேட்டாள். சுதர்சினி தெரியாது என்றாள். வெங்காயத்துக்கு வேர் மயிர் குறைவு, அதனால் பூஞ்சணத்தோடு நன்றாக ஒட்டும் என்று ஹம்சிகா மிஸ் சொல்லியிருக்கிறாள், ஆனால் நான் இன்னும் என் கண்ணால் பார்க்கவில்லை என்றாள். ஒரு பேசின் நிறைய அள்ளிக் கொடுத்து, நாற்றுமேடையில் பாதிக்குப் போடு, பாதியை வெறுமனே விடு என்று சொல்லி அனுப்பினாள்.

நாற்று முளைத்ததும் சோமாவதி ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். சுதர்சினி போய்ப் பார்த்தபோது மேடையின் இரண்டு பக்கமும் ஊசி ஊசியாக ஒரே உயரத்தில் நின்றது. ஒரு வித்தியாசமும் இல்லையே என்று சோமாவதி முகத்தைத் தொங்கப்போட்டாள். இப்போது இருக்காது, கச்சான் வீசட்டும், பிறகு நீயே என்னைக் கூப்பிடுவாய் என்று சொல்லிவிட்டு, சுதர்சினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையோரம் குந்தி உட்கார்ந்து அவளோடு சேர்ந்து களை பிடுங்கத் தொடங்கினாள்.